கதவோரத்துக் கல்

புல்லைச் சீவி எடுத்துவிட்டு, நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டினான் எம்ரிஸ். மேடும் பள்ளமுமான அந்த வேல்ஸ் சுரங்க ஊரில் எந்தத் தோட்டமும் சமமாக இருந்ததில்லை. இதுவும் வேலிப் பக்கம் ஒரு சாண் இறங்கிக் கிடந்தது. இருபத்தாறு வருடம் அவன் குடியிருந்த வீடு. விவாகரத்துக்குப் பிறகு மீன் வறுவல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறான். அவனுடைய தூண்டில்களும், அப்பாவின் கடைசல் இயந்திரமும் இன்னும் இங்கேதான், முன்னறையில். சனிக்கிழமை அவன் முன்னாள் மனைவி நேரிஸோடு வாழ அலன் குடிவருகிறார்; அவருடைய பியானோவுக்கு அந்த அறை வேண்டும். சாமான்களைக் குப்பையில் போட மனமில்லாமல் நேரிஸ் தோட்டத்தில் நிறுத்த ஒரு மரக்கொட்டகை வாங்கியிருந்தாள்.

"அடித்தளம் யாரு போடுறா?" என்று போனில் கேட்டான். "இனிமேதான் ஆள் பாக்கணும்" என்றாள் நேரிஸ். "சரி, நானே வர்றேன்" என்றான். முப்பது வருடம் நகராட்சிக்கு நடைபாதைக் கல் பதித்தவன் வேறு என்ன சொல்வான்.

காலையிலிருந்து கோபத்துக்காகக் காத்திருந்தான். பல் பிடுங்கிய பின் மரத்த கன்னத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதுபோல், அடுக்களை ஜன்னலில் புதிதாகத் தொங்கிய மஞ்சள் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒன்றும் உறைக்கவில்லை.

அலன் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லித்தருபவர். வெள்ளைத் துணிச் செருப்போடு உதவிக்கு வந்து நின்றார்.

"வாத்தியாரே, இந்தச் செருப்போட கல்லத் தூக்கினா அப்புறம் பியானோ பெடல மிதிக்கக் கால் இருக்காது."

"வேற பூட்ஸ் இல்லீங்க."

"பின்கதவு மூலையில என்னுது கெடக்கும். போய்ப் போட்டுக்க."

போட்டுக்கொண்டு வந்தார். அளவு சரியாக இருந்தது.

செங்கல் உடைசலைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். மணலும் சிமெண்டும் கலந்து பரப்பி, கல் கல்லாக இறக்கி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தான் எம்ரிஸ். அலனுக்கு மூச்சு வாங்கியது.

"எம்மேல கோவமா இருக்கீங்களா?" என்றார், கல்லைப் பார்த்துக்கொண்டே.

"வந்தா சொல்றேன்."

கடைசிக் கல் கொட்டகைக் கதவு வரும் மூலையில். அலன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். எம்ரிஸ் நடுவில் கலவை போடாமல் நான்கு ஓரத்தில் மட்டும் கொஞ்சமாக அப்பிக் கல்லை இறக்கினான். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. பார்க்க ஒரு குறையுமில்லை. ஒரு பனிக்காலம் போதும், மூலை இறங்கும், கதவு சிக்கும். பனி முடிந்த ஒரு காலையில் அதைத் தோளால் முட்டித் தள்ளும் அலனை நினைத்துப் பார்த்தான். அதிலும் ஒரு சந்தோஷம் வரவில்லை.

"முடிஞ்சுதா?" அலன் வாளியோடு வந்தார்.

"முடிஞ்சுது."

நேரிஸ் கொண்டுவந்த தேநீரைக் குடித்தான். சர்க்கரை இரண்டு கரண்டி, கேட்காமலே போட்டிருந்தாள். பாதிக் கோப்பையில் எழுந்து போய், கடப்பாரையை விட்டு அந்தக் கல்லை நெம்பினான்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் அலன்.

"இல்ல. கலவை கொண்டா, நெறைய."

மனசாட்சி என்றெல்லாம் இல்லை. கை ஒப்பவில்லை, அவ்வளவுதான். முழுக்கக் கலவை போட்டு மறுபடி இறக்கித் தட்டினான்.

சாயங்காலம் நேரிஸ் காலுறையோடு வெளியே வந்தாள். "ஏறலாமா?"

"ஓரமா வேணாம். இன்னும் ஈரம்."

அவள் கவனமாக நடுவுக்குப் போனாள். இரண்டு ஆண்களையும் பார்க்காமல், பாவாடையை முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒரு தரம் எம்பிக் குதித்தாள். உட்காராத கல் டொக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். எம்ரிஸ் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான்; எந்தக் கல்லும் டொக்கென்னவில்லை.

அவள் இன்னொரு தரம் குதித்தாள்.