அதே நம்பர், வேறு கம்பெனி

என் காரின் பின்கதவில் ஒரு செல்போன் நம்பர் இருக்கிறது, என் பெயரைவிடப் பெரிய எழுத்தில். பெயரை யார் மறந்தாலும் கவலையில்லை, நம்பரை மறக்கக் கூடாது என்று பெயின்டரிடம் சொல்லி எழுத வைத்தது. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். எனக்கு அலுவலகமோ விளம்பரமோ பெயர்ப்பலகையோ தனியாகக் கிடையாது, எல்லாம் அந்த நம்பர்தான். கற்றுக்கொண்டு போனவர்கள் தங்கைக்கும் மருமகளுக்கும் அதைத்தான் சொல்லியனுப்புகிறார்கள். அது கையைவிட்டுப் போனால் நான் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். கார் இருப்பதால் உட்காரலாம்.

அந்த நம்பரை வைத்திருந்த கம்பெனி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. போன் அடிக்கும், எடுத்தால் பேச்சு வராது. யார் என்றும் தெரியாது, திரையில் 'தெரியாத எண்' என்று மட்டும் இருக்கும். "ஹலோ, டிரைவிங் ஸ்கூல்!" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். தூரத்தில் எங்கோ 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், உடனே கட் ஆகிவிடும். வாரம் தவறாமல் இது நடந்தது. கார் ஓட்ட ஆசைப்பட்ட ஒரு பெண், என் குரல் கேட்காமல் அலுத்துப்போய் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டாள் என்றே ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.

கஸ்டமர் கேரில் பேசியவர், "போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் மேடம்" என்றார். உங்களை ஆஃப் செய்ய ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். அந்த 'டிங்' சத்தத்தைப் பற்றிச் சொன்னதற்கு, அது எங்கள் நெட்வொர்க்கில் வராத சத்தம் என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நம்பர் அதேதான், கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்வது. மெசேஜ் அனுப்பினேன். அதற்கு ஒரு கோட் நம்பர் வந்தது, நாலு நாள்தான் செல்லும்; வகுப்பு வகுப்பு என்று மூன்று நாள் ஓடிவிட்டது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அதைப் புதுக் கம்பெனியின் கடையில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

மறுநாள் காலையில் என்னிடம் கார் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயில் ஊசி குத்தும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்கும். "ஒண்ணும் ஆகாது, ரிலாக்ஸ், ஒண்ணும் ஆகாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓட்டுவார். "இன்னிக்குக் கடைத்தெருவுல வண்டியை நிறுத்திப் பழகலாம் டாக்டர்" என்று சொல்லி, அவரைக் கடை வாசலில் நிறுத்த வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கடைப்பெண் அந்தக் கோட் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். என் கட்டைவிரலை ஒரு சின்னக் கருவியில் வைக்கச் சொன்னாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடியும் சிவப்பு.

"மேடம், இந்த நம்பர் உங்க பேர்ல இல்லையே."

"என் கார்ல எழுதியிருக்கு. வந்து பாரு."

"கார்ல இருக்கலாம் மேடம். கம்ப்யூட்டர்ல வேற பேர் இருக்கு." அந்தப் பெயரை வாசித்தாள்.

யாரோ என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அது பாப்பாவின் முழுப்பெயர்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. என் நாத்தனார். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் நாற்பதைத் தாண்டியும் அவள் பாப்பாதான். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு நான் போன புதிதில், அந்த முகவரியில் என் பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. "அதுக்கென்ன அண்ணி, என் பேப்பரைக் குடுத்து வாங்கிக்கலாம்" என்று அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இந்தச் சிம்மை வாங்கிக் கொடுத்தாள். அதை அடியோடு மறந்துவிட்டேன். அவள் அண்ணனும் நானும் பிரிந்தபோது வீடு, பீரோ, பாத்திரம் எல்லாம் யாருக்கு என்று பேசி முடித்தோம். நம்பர் யாருக்கு என்று யாரும் பேசவில்லை.

அந்தச் சமயத்தில் பாப்பாவிடம், நீ யார் பக்கம் என்று கேட்டேன். "எனக்கு ரெண்டு பேரும் வேணும் அண்ணி" என்றாள். மதில்மேல் பூனை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடும்பத்தையே ஒருவர் விடாமல் ப்ளாக் செய்தேன். அவளையும்தான். அவள் சிம்மிலிருந்தே அவளைத் துரத்தியிருக்கிறேன் என்பது கடையில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் தெரிந்தது.

"அவங்க நேர்ல வந்து விரல் வைக்கணும் மேடம். வேற வழியில்லை. சாயங்காலம் வரைக்கும்தான் டைம்."

போன் செய்யலாம். ஆனால் அதற்கு ப்ளாக்கை எடுக்க வேண்டும், எடுத்தால் நான் இறங்கிப் போனது மாதிரி. நேரில் போவதும் இறங்கிப் போவதுதான் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"டாக்டர், இன்னிக்கு டிராஃபிக்ல ஓட்டிப் பழகப்போறோம்" என்றேன்.

"இப்பவா?"

"பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும். கிளம்புங்க."

பாப்பா அங்கே ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டரில் இருக்கிறாள். போகும் வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரமாட்டேன் என்று சொன்னால்? அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால்? அது என் நம்பர், கொடுங்கள், நானே வைத்துக்கொள்கிறேன் என்றால் யாரிடம் போய் நியாயம் கேட்பது? கம்ப்யூட்டர் அவள் பக்கம். நான் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் மிதிப்பதற்கு. அன்று டாக்டர் தடுமாறவே இல்லை. மனதில் ஒவ்வொரு கேள்வி வரும்போதும் நான்தான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று டாக்டர் பரிதாபமாகக் கேட்டார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலை. ஓட்டுங்க."

பரிசோதனைக் கூடத்தில் நல்ல கூட்டம். பலகையில் எண் மாறும்போதெல்லாம் ஒரு மணி அடித்தது, உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு சத்தமாக ஒலிக்க வேண்டிய அந்த மணியில் முதல் சத்தம் மட்டும்தான் வந்தது. இரண்டாவது எப்போதோ பழுதாகி, யாரும் சரிசெய்யவில்லை போலிருக்கிறது. நான் வரிசையில் நிற்காமல் நேரே கவுன்ட்டருக்குப் போனேன். பின்னால் நாலு பேர் சத்தம் போட்டார்கள்.

பாப்பா தலை நிமிர்ந்தாள். கையிலிருந்த டோக்கன் அப்படியே நின்றது.

"அண்ணி?"

அந்தச் சொல்லை அவள் இன்னும் வைத்திருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று வழிநெடுக யோசித்து வைத்ததெல்லாம் போய், "உன் கட்டைவிரல் வேணும்" என்று உளறினேன்.

"ரத்தம் எடுக்கணுமா?"

"இல்ல. சிம்மு... என் நம்பர் உன் பேர்ல இருக்கு. கம்பெனி மாத்தணும். நீ கடைக்கு வரணும். இன்னிக்கே."

அவள் பக்கத்திலிருந்தவளிடம் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். சண்டை போட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காரில் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் "ஒண்ணும் ஆகாது, ரிலாக்ஸ்" என்றார். அது யாருக்கு என்று தெரியவில்லை.

"உங்க லைன் எனக்குப் போறதே இல்ல அண்ணி" என்றாள் பாப்பா.

"டவர் சரியில்ல" என்றேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஓ. டவரா." கொஞ்சம் கழித்து, "அதுக்குத்தான் கம்பெனி மாத்தறீங்களா?" என்று கேட்டாள்.

"அதை ஏன் கேக்கறே! போன் வரும், எடுத்தா பேச்சே வராது. நான் காட்டுக்கத்தல் கத்துவேன், கட் ஆயிடும். எத்தனை பேர் என்கிட்ட சேர நெனச்சு விட்டுட்டுப் போனாங்களோ. என் பொழைப்பே போகுது பாப்பா."

கண்ணாடியில் பாப்பாவைப் பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி மாத்தினா அது நின்னுடுமா?"

"நிக்கணும். நிக்கலைன்னா இந்தக் கடையையும் ஒரு வழி பண்ணிடுவேன்."

கடையில் அவள் விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. கடைப்பெண் புதுச் சிம்மைக் கொடுத்தாள். சில நாளில் பழைய சிம்மில் டவர் போகும், போனதும் இதைப் போடுங்கள் என்றாள். பெயரையும் மாற்றுவதென்றால் பிற்பாடு இருவரும் சேர்ந்து வர வேண்டுமாம்.

"மாத்திடலாம் அண்ணி" என்றாள் பாப்பா. "உங்க பொழைப்பு என் பேர்ல இருக்கறது நல்லா இல்ல. எப்பன்னு சொல்லுங்க, வரேன்."

எப்படிச் சொல்வது, எந்த போனில் சொல்வது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டோம். "லைன் வந்ததும் அடிச்சுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து டவர் போய்விட்டதா என்று பார்த்தேன். போகாதபோது எரிச்சல், ஒருநாள் காலையில் போனதும் பயம். அந்த நேரத்தில் என் நம்பர் பழைய கம்பெனியிலும் இல்லை, புதுக் கம்பெனியிலும் இல்லை. அந்தரத்தில் தொங்கியது. டாக்டரின் வகுப்புக்குப் போகும்போதே சிம்மை மாற்றி, போனை மடியில் வைத்துக்கொண்டேன். சிக்னலைத் தாண்டும்போது கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. முழுசாக நின்றன.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ, டிரைவிங் ஸ்கூல்!"

பேச்சு இல்லை.

"ஹலோ! ஹலோ!"

எனக்குத் தலைக்கேறியது. இந்தக் கம்பெனியும் அதே லட்சணம்தானா? இதற்காகவா கண்டவர் காலில் விழுந்தேன்? நேரே அந்தக் கடைக்குப் போய் சிம்மை அவர்கள் மேஜையில் எறியப்போகிறேன் என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போது தூரத்தில் 'டிங்' என்றது.

டாங் இல்லை. வெறும் டிங்.

என் கால் பிரேக்கை மிதித்தது. நடுரோட்டில் கார் நின்றது. பின்னால் ஹார்ன் அலறியது, டாக்டரும் அலறினார்.

"பாப்பா" என்றேன். "வெச்சுடாதே. நீதான்னு தெரியும்."

முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு, "லைன் வந்துடுச்சான்னு பாத்தேன் அண்ணி. என் செல்லுல இருந்து போகலை. அதான் ஆஸ்பத்திரி போன்ல. டவர்..."

"டவர் இல்ல. நான்தான் உன்னை ப்ளாக் பண்ணியிருக்கேன்."

"தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"அப்ப இத்தனை நாளும் அடிச்சுட்டு ஏன்டி பேசாம வெச்சே?"

"பேசினா இந்த போனையும் ப்ளாக் பண்ணிடுவீங்க. அப்புறம் எதுல இருந்து அடிக்கறது?" என்று கேட்டாள். "நீங்க 'ஹலோ, டிரைவிங் ஸ்கூல்'னு கத்துவீங்க. சரி, நல்லாத்தான் இருக்காங்கன்னு வெச்சுடுவேன். உங்க பொழைப்பு கெடுதுன்னு எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா இனிமே..."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி ஓட்டுபவர் முன்னால் அழக் கூடாது, அவர்கள் பயந்துவிடுவார்கள் என்பது நான் வைத்திருக்கும் விதி. அன்று அது செல்லவில்லை. டாக்டர் தானாகவே வண்டியை எடுத்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அவ்வளவு நன்றாக அவர் அதற்கு முன் நிறுத்தியதே இல்லை.

"இப்ப வெச்சுடு" என்றேன். "உன் செல்லுல இருந்து அடி."

"லைன் போகாதே அண்ணி."

"போகும். அடி."

ப்ளாக்கை எடுக்கும் பட்டனை உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்து எடுத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். போன் அடித்தது. திரையில் 'பாப்பா' என்று வந்தது.

"ஹலோ, டிரைவிங் ஸ்கூல்" என்றேன். பழக்கதோஷம்.

இந்த முறை அவள் வைக்கவில்லை.