இரண்டு பிரேக் வண்டி

காட்டுத்தீ மலைக்கு அந்தப் பக்கம்தான் எரிகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தவரை டிரைவிங் ஸ்கூல்காரர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்திருந்தார். காலையில் கண் மருத்துவமனையில் பரிசோதனைக்காக விட்ட சொட்டு மருந்தின் வேகம் இன்னும் குறையவில்லை. சுவர் எது, கதவு எது என்பது தெரிந்தது. கதவோரம் நிற்பது மாமியாரா, மடக்கி வைத்த குடையா என்பதுதான் பிடிபடவில்லை.

"மாப்பிள்ளை," என்றது குடை. "காத்து திரும்பிடுச்சாம். தீ கல் குவாரி வரைக்கும் வந்துடுச்சு. நம்ம தெருவைக் காலி பண்ணச் சொல்றாங்க."

அதற்குள் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். அவள் கீழ் ஊரில் நர்ஸ். "அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே இங்க ஸ்டேடியத்துக்கு வந்துடுங்க, எல்லாரையும் அங்கதான் தங்க வைக்கிறாங்க" என்றாள். "இதோ கிளம்பிட்டோம்" என்று கெத்தாகச் சொல்லிப் போனை வைத்த பிறகுதான் அவருக்குக் கண் ஞாபகம் வந்தது.

"பக்கத்து வீட்ல யாராவது இருக்காங்களா பாருங்க அத்தை."

"எல்லாரும் போயாச்சு. சாவியைக் குடுங்க. நான் ஓட்டுறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். மாமியாருக்கு மட்டும் அவர் பாடம் இரண்டு தெருவைத் தாண்டவில்லை. வாய்ச்சண்டை முற்றி, வண்டியையும் மாமியாரையும் நடுரோட்டில் விட்டுவிட்டு இவர் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே இருவரும் எடுத்ததில்லை.

ஆனால் ஜன்னல் வழியாகப் புகை வாசனை வர ஆரம்பித்திருந்தது. சாவியைக் கொடுத்தார்.

தலையில் பலகை வைத்த பயிற்சி வண்டி அது; ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். மாமியார் ரிவர்ஸ் எடுத்தார். குறுகலான கேட்டில் எங்கும் உரசாமல், ஒரே மூச்சில் வண்டி தெருவுக்கு வந்து நின்றது.

"அத்தை! எங்க கத்துக்கிட்டீங்க?"

"முதல்ல பெல்ட்டைப் போடுங்க."

மெயின் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் பதில் வந்தது. "உங்க ஸ்கூலுக்கு எதிர்லயே இன்னொரு ஸ்கூல் வச்சிருக்காரே மீசைக்காரர், அவர்கிட்ட."

மலையில் எரிந்த தீ அவர் வயிற்றுக்கு வந்துவிட்டது. "அந்த ஆள்கிட்டயா? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"அவர் நடுரோட்டுல இறங்கிப் போக மாட்டார்."

நல்லவேளை, வானொலி குறுக்கே வந்தது. தீ குவாரியைத் தாண்டி மெயின் ரோட்டை நெருங்கிவிட்டதாம். முன்னால் நின்ற போலீஸ்காரர் எல்லா வண்டிகளையும் பழைய மலைப்பாதைக்குத் திருப்பினார். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதை.

முதல் வளைவிலேயே டிரைவிங் ஸ்கூல்காரர் பயந்துபோய் பிரேக்கை அழுத்த, வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன.

"மாப்பிள்ளை, அந்தக் காலை எடுக்குறீங்களா, இறக்கி விட்டுடவா?"

அவர் மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டிலேயே சம்மணம் போட்டுக்கொண்டார்.

அடுத்த வளைவு வருவதற்குள் புகை கீழே இறங்கிவிட்டது. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கும் மறைந்தது. மாமியாரின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலை மாப்பிள்ளை."

"எனக்குந்தான். ஆனா இது என் ரோடு, அத்தை. இதுல எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருப்பேன்! கண்ணாடியை ஏத்திட்டு லைட்டைப் போடுங்க. செகண்ட் கியர். மெதுவா." சாலையின் சரிவை உடம்பிலேயே உணர்ந்தபடி அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "சக்கரம் தடதடக்குதா? பாலம். அது முடிஞ்சதும் ஹாரன் அடிச்சுட்டு வலது பக்கம் ஒடிங்க. இன்னும்... இன்னும்... இப்ப நேராக்குங்க. சபாஷ்!"

"இந்தச் சபாஷை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னவாம்?"

"அன்னைக்கு நீங்க குப்பைத்தொட்டியை இடிச்சீங்களே!"

சண்டை போட்டுக்கொண்டே புகையைக் கடந்து வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

ஸ்டேடியம் வாசலில் காத்திருந்த மனைவி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அம்மா இறங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "நீயாம்மா ஓட்டுன?" என்று கேட்டு, சிரிப்பும் அழுகையுமாகக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் தீயை ஆற்றோரம் மடக்கிவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவர்கள் தெருவில் வெறும் சாம்பல்தான் விழுந்திருந்தது. கூட்டம் கைதட்டி ஓய்ந்தபோது, கையில் இரண்டு டீயோடு மீசைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். ஒன்றை நீட்டினார். டிரைவிங் ஸ்கூல்காரர் கொஞ்சம் முறைப்பு காட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

"உங்க அத்தை நல்லா ஓட்டினாங்களா?"

"நல்லாத்தான் ஓட்டினாங்க. ஆனா இறக்கம் பூரா கிளட்சை மிதிச்சுக்கிட்டே வந்தாங்க. நீங்க சொல்லித் தரலையா?"

"சொன்னேனே! தலையால தண்ணி குடிச்சுப் பார்த்துட்டேன். அவங்க கேட்டாத்தானே?"

"அதைச் சொல்லுங்க!" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் மனம் குளிர்ந்து, பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.