அவர் ஒத்துக்க மாட்டார்

என் பிறந்த வீட்டில் என் கணவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அவர் வீட்டில் எனக்குப் பூட்டு என்று பெயர். இரண்டும் சும்மா வந்தவை இல்லை. நாங்கள் இருவரும் பாடுபட்டுச் சம்பாதித்தவை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து வரும் போன் இரண்டு வகை. எடுத்தவுடன் பணம் கேட்பது ஒன்று. முதலில் உடம்பை விசாரித்துவிட்டுப் பிறகு பணம் கேட்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்து. "என்னம்மா, இப்படி மெலிஞ்சு போயிட்ட" என்று ஆரம்பித்தால் தொகை பெரிது என்று அர்த்தம். என் பெரியம்மா ஒருமுறை வீடியோவில் நான் மெலிந்ததைப் பார்த்துக் கண்ணீரே விட்டாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, வீட்டுக்கு மூன்றாவது மாடி எழுப்பப்போவதாகச் சொன்னாள். நான் அப்போது பாதி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் அளவுக்குப் பருத்திருந்தேன்.

இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். எங்கள் குடும்பங்களில் சொந்த ரத்தமே பணம் இல்லை என்று சொன்னால் அது கொலைக்குற்றம். செத்தாலும் மன்னிக்க மாட்டார்கள். அதையே கல்யாணமாகி உள்ளே வந்தவர் சொன்னால் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. வந்தவள் அப்படித்தான் இருப்பாள், வந்தவன் அப்படித்தான் இருப்பான் என்று நாலு நாள் வாயாரத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இதைக் கண்டுபிடித்தது நான்தான். என் கணவரின் அண்ணனுக்கு, நாங்கள் தொழிலதிபர் என்று பெயர் வைத்திருக்கிறோம், தண்ணீர் கேன் வியாபாரத்தில் பணத்தைக் கரைத்துவிட்டு, போன் கவர் கடையிலும் கரைத்துவிட்டு, வாடகைக்கு விடக் கார் வாங்கலாம் என்று யோசனை வந்திருந்தது. என் கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உம் கொட்டிக்கொண்டே இருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் சரி என்று சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. நான் சமையலறையிலிருந்தே, ஒரு பைசா கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று கத்தினேன். அந்தப் பக்கம் தொழிலதிபருக்கு அது கேட்டுவிட்டது. பிறகு, "பாவம்டா நீ" என்று தம்பிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த வாரமே என் கணவர் அந்த நன்றிக்கடனைத் தீர்த்தார். பெரியம்மாவின் மாடிக்கு நான் சொன்ன பதில், "எனக்கு ஆசைதான் பெரியம்மா, அவர் ஒத்துக்க மாட்டார்." அந்த நேரம் பார்த்து அவர் என் பின்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்து போனார்.

ஒப்பந்தம் இதுதான். இரண்டு அம்மாக்களுக்கும் மாதாமாதம் போக வேண்டியது போய்விடும். உண்மையான ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகளின் படிப்புச் செலவு, இவற்றுக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக் கொடுத்துவிடுவோம். மற்றபடி மாடி, கார், பைக் என்று வந்தால் அவர் பக்கத்துக்கு நான் ராட்சசி, என் பக்கத்துக்கு அவர் ராட்சசன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

ராட்சசன் வேஷத்துக்கு அவர் முகம் அளவெடுத்துத் தைத்தது. பஸ் பணிமனையில் மெக்கானிக். நெற்றிக் கோடுகளில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ், அடர்ந்த மீசை, என்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தடித்துப்போன குரல். உள்ளே வெறும் பஞ்சு. கடைக்காரன் மிச்சம் குறைவாகக் கொடுத்தால் கேட்கக் கூச்சப்பட்டு, வேறு கடைக்கு மாறிவிடுகிற ஆள்.

பெரியம்மாவின் மகன் ஒரு பைக்குக்கு அடிபோட்டபோதுதான் நான் கொஞ்சம் அதிகமாகப் போனேன். அவர் ஒத்துக்க மாட்டார் என்பது அவனிடம் செல்லவில்லை. நான் மாமாகிட்ட நேரா பேசறேன், போனைக் கொடு என்று நின்றான். வேறு வழியில்லாமல், "கேட்டதுக்கே சாப்பிட்டுக்கிட்டிருந்த தட்டைத் தூக்கி எறிஞ்சார்டா. கையை ஓங்கிக்கிட்டு வந்துட்டார்" என்று எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு என் பக்கத்திலிருந்து பல மாதம் பணம் கேட்டு ஒரு போன் இல்லை. நான் அதைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் நின்று அதே தட்டைத்தான் கழுவிக்கொண்டிருந்தார். எறிய வைத்ததுதான் வைத்தாய், சாப்பிட்டு முடித்த பிறகு எறிந்ததாகச் சொல்லக் கூடாதா, பசியோடு எதற்கு எறிய வேண்டும் என்று குறைப்பட்டுக்கொண்டார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அன்றிலிருந்து சின்னத் தொகைக்கு உறுமல், பெரிய தொகைக்குத் தட்டு என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டு பக்கத்திலும் ஒரு தடவைகூடப் பணம் கேட்காத ஆள் என் தங்கை ஒருத்திதான். பள்ளிக்கூட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. அவள் கணவர் இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறார். இஸ்திரி கலையாத சட்டை, குரல் உயராத பேச்சு. தங்கமான மாப்பிள்ளை என்று எங்கள் குடும்பமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். பெரியவளுக்குத்தான் இப்படி வாய்த்துவிட்டது, சின்னவளாவது நன்றாக இருக்கிறாளே என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு எரியும். என் ஆளை ராட்சசனாக்கியது நான்தான் என்றாலும் எரியும்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். கட்டிலுக்கு விரிக்கிற துணிகளைச் சூட்டு உருளைக்குள் விட்டு, அந்தப் பக்கம் வெளியே வரும்போது இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடித்து மடிக்க வேண்டும். ஒருத்தி விட்டாலும் துணி தரையில் விழும், திரும்பத் துவைக்க வேண்டும். அப்படி மடித்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. தங்கை. அவளுக்கும் அது வேலை நேரம்தான். எதிரே நின்றவளிடம் சைகை காட்டிவிட்டு, அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் பழைய பரீட்சைத்தாள்கள் போட்டு வைக்கும் அறையிலிருந்து பேசினாள். கிசுகிசுப்பாக. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, மெலிந்துவிட்டாயா என்று கேட்டாள். இவளும் ஆரம்பித்துவிட்டாளா என்று நினைத்து முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அவள் பணம் கேட்கவில்லை.

"அக்கா, மாமாவுக்குத் தெரியாம நீ அம்மாவுக்கு எப்படிக்கா பணம் அனுப்புற?"

நான் சிரித்துவிட்டேன். எதற்கடி என்றேன்.

"எனக்கும் சொல்லிக் கொடுக்கா."

பிறகு அவளாகவே சொன்னாள். சம்பளம் அவள் கணக்கில்தான் விழுகிறது, கார்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் மேஜைமேல் போக வர பஸ் காசு மட்டும் எடுத்து வைப்பார். சாயங்காலம் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். சில நாள் வீட்டுக்கு நடந்தே போய்க்கொள்ளலாம் என்று அந்தக் காசை ஆபீஸ் மேஜையில் குண்டூசி டப்பாவுக்குள் போட்டு வைத்தாள். டிக்கெட் எங்கே என்று கேட்டார். காற்றில் பறந்துவிட்டது என்றாள். அவர் நம்பவில்லை. இதையெல்லாம் அவள் அழாமல், அலுவலக விஷயம் மாதிரி சொன்னாள்.

"முந்தாநாள் எங்க வீட்டுலயும் தட்டு பறந்துச்சுக்கா. உன்னைத்தான் நினைச்சுக்கிட்டேன். அக்காவே பொறுத்துக்கிட்டுப் போறா, எனக்கென்னன்னு."

எனக்குச் சொல்லும் ஆறுதல் மாதிரி அதைச் சொன்னாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள். ஒரே ஒரு தடவை அம்மாவிடம் போய்ச் சொன்னாளாம். உன் அக்காவைப் பார், அத்தனை தூரத்தில் அந்த மனுஷனோடு வாயைத் திறக்காமல் குடும்பம் நடத்துகிறாள், நீ பக்கத்தில் இருந்துகொண்டு மூக்கைச் சிந்துகிறாயே என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

தங்கையின் புருஷன்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த அருவருப்பு அதிகமாக இருந்தது. ஒரு பைக்குக்காகச் சொன்ன பொய்யை, இவள் வாங்கித் தன் குடும்பத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அடியே, மாமா அப்படிப்பட்ட ஆளே இல்லடி. அதெல்லாம் நான் கட்டிவிட்டது" என்றேன்.

அவள் மிகவும் பரிவாக, "புரியுதுக்கா. நானும் அம்மாகிட்ட இப்ப அப்படித்தான் சொல்றேன்" என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய அவள் இன்னும் பரிவானாள். யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவர் அன்று கிண்டல் செய்யவில்லை. "நான் போன்ல தெரிஞ்சாலே அந்தப் பொண்ணு எந்திரிச்சு நிப்பா. மரியாதைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் எனக்கு விடுமுறை. அவர் லீவு போட்டார். அவளுடைய சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் கூப்பிட்டோம். பரீட்சைத்தாள் கட்டுகளுக்கு நடுவே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். காலையிலிருந்து என்னென்னவோ பேசத் தயார் செய்து வைத்திருந்தவர், பணிமனைக் குரலில், "நல்லா இருக்கியாம்மா" என்றார். அவள் தோள் குறுகியது.

அவர் போனில் தெரியாதபடி என் முழங்கையைத் தட்டி, "என்னைத் திட்டு. எப்பவும் திட்டுவியே, அப்படி" என்று முணுமுணுத்தார்.

எத்தனையோ வருஷமாக நடித்தவள் நான். அன்று பார்த்து ஒன்றும் வரவில்லை. அதற்குள் தீய்ந்த வாடை வந்தது. டீ போடுகிறேன் என்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு இங்கே வந்து நின்றுவிட்டார் மகாராஜா. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

அதற்கு நடிப்புத் தேவைப்படவில்லை. கையில் போனோடு சமையலறைக்கு ஓடினேன். அறிவு இருக்கிறதா, கண் எங்கே இருந்தது, நேற்றுத்தானே அடுப்பைத் தேய்த்தேன், பணிமனையில் இப்படித்தான் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பீர்களா என்று ஆரம்பித்து, அவர் வம்சம் வரைக்கும் போய்விட்டேன். தங்கை இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. நினைவு வந்து திரையைப் பார்த்தால், அவள் கண் இமைக்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைகள் அடுப்பை அணைத்தன. துணியை எடுத்துத் துடைத்தன. "பால் பொங்கறதை உங்க அக்கா பார்த்துக்கிட்டேதாம்மா இருந்தா. திட்டறதுக்குன்னே விட்டுட்டா" என்று அவளிடம் புகார் சொன்னார். அது முகம் துடைக்கிற துண்டு என்று நான் அதற்கும் ஒரு பாட்டம் கத்தினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு துணி எடுக்கப் போனார்.

அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானும் அவளோடு காத்திருந்தேன். டீக்கு வேறு பால் வாங்கி வரவா, கடுங்காப்பி போதுமா என்று அவர் அங்கிருந்து கேட்டார். வேறெதுவும் வரவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டாராக்கா?"

"இப்ப சொன்னாரே, அவ்வளவுதான்."

"போனை வச்ச அப்புறம்?"

"வச்ச அப்புறமும் இதேதான்டி."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். திறந்திருந்த டப்பாவை மூடினாள்.

"அப்ப எல்லா வீட்டுலயும் இப்படி நடக்கறதில்லையா?"

"இல்லடி" என்றேன்.

அம்மாவிடம் நானே பேசுகிறேன், என் வீட்டில் எந்தத் தட்டும் பறந்ததில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னேன். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். பெரியம்மாவின் மாடியும் அவள் மகனின் பைக்கும் மறுநாளே வாசலில் வந்து நிற்கும். வந்து நிற்கட்டும்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் பணம் வேணும்."

இந்த வாக்கியத்தை நான் கேட்காத ராகம் இல்லை. அன்றுதான் அது காதுக்கு இனித்தது. என் தோளுக்குப் பின்னால் அவர், வக்கீலுக்கா, வீட்டு வாடகைக்கா, எவ்வளவானாலும் கேட்கச் சொல் என்று அவசரப்படுத்தினார். எவ்வளவடி வேண்டும் என்று கேட்டேன்.

அவள் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அம்மா வீட்டுக்குப் பஸ் டிக்கெட்டுக்கு. பக்கத்து சீட்டு கிளார்க் போனுக்கு அனுப்பு. போறதுக்கு மட்டும் போதும்."