பிடுங்கிப் பார்த்த கன்றுகள்

என் மாமியாரின் கடிதத்தில் நான் ஒரு சன்னல் வைத்தேன். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

அறுபத்திரண்டாம் வருஷம். எனக்கும் வடிவுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். அவள் இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். வாழ்க்கைப்பட்டு வட்டகொடைக்கு வந்தவள். மாதம் ஒருமுறை அவள் அம்மாவிடமிருந்து கடிதம் வரும். அம்மா சொல்லச் சொல்லத் தம்பி எழுதியிருப்பான். வடிவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன்.

அந்த நாட்களில் நான் தலவாக்கலை வாசகசாலையில் கிடைத்த பிறநாட்டு நாவல்களின் தமிழாக்கங்களை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தேன். பனியில் ஓடும் குதிரை வண்டிகளும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கடிதம் பிரிக்கும் சீமாட்டிகளும் என் தலைக்குள் குடியிருந்தார்கள். ஆகவே, 'நாங்கள் சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டது. மழை விடவில்லை' என்று ஒரு தாய் எழுதியிருந்ததை அப்படியே படிக்க எனக்கு மனம் வரவில்லை.

"மகளே, வெளியே ஓயாத மழை. சன்னலோரம் அமர்ந்து, நீ போன பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று உருக்கமாகப் படித்தேன்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த வடிவு நிமிர்ந்தாள்.

"எங்க லயத்துல ஏதுங்க சன்னலு?"

மறந்தே போயிருந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து ஒற்றை அறைக் காம்பராக்களுக்குக் கதவு மட்டும்தான்.

"எங்கம்மா ஆட்டப் பத்திச் சொல்லாம ஒரு கடுதாசி போடாது. ஆடு எங்க?"

ஆட்டையும் குட்டிகளையும் திருப்பிக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு எழுத்துச் சொல்லித் தாங்க. எங்கம்மா என்னா சொல்லுதுன்னு நானே பாத்துக்கிறேன்."

மறுநாளே சிலேட்டும் அரிச்சுவடியும் வாங்கி வந்தேன். வடிவு கெட்டிக்காரி. இரண்டு வாரத்தில் உயிரெழுத்து முடிந்தது. என் கனவோ அதற்கு முன்னால் ஓடியது. ஒரே விளக்கின் கீழ் நானும் அவளும் ஆளுக்கொரு நாவலோடு உட்கார்ந்திருந்தோம், வெளியே பனி கொட்டியது. அந்த நாள் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள ஆவல் தாங்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டேன், கொழுந்துக்கூடையை இறக்கும்போது கேட்டேன், அடுப்பு ஊதும்போது கேட்டேன். "இது என்னா எழுத்து? நேத்துச் சொன்னது ஞாபகம் இருக்கா?"

அதே மாதம் நாற்றுமேடையில் எனக்குப் புது வேலை கிடைத்திருந்தது. விதை போடாமல், நல்ல செடியின் கொப்பிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டி நடும் முறை அப்போதுதான் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. முந்நூறு சின்ன மூங்கில் கூடைகளில் முந்நூறு துண்டுகள், மேலே பெரணித் தழைப் பந்தல்.

"மூணு மாசம் நெழலும் தண்ணியும். வேற ஒண்ணும் வேணாம் சிவசாமி" என்றார் கந்தப்பன் கங்காணி.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வெட்டின இடத்தில் வெள்ளையாகச் சின்னத் திரட்சி. பூரித்துப் போய்த் திரும்ப நட்டு, மண்ணை அமுக்கினேன். மறுநாள் இன்னொன்று. அதன் பிறகு அது காலை வழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலில் கூடியிருந்தார்கள். பெருமை தாங்காமல் பழைய பத்திரிகை ஒன்றை வடிவிடம் நீட்டினேன்.

"வாசி, பாப்போம்."

முந்தின மாலை தடங்கலில்லாமல் வாசித்த வரிதான். அத்தனை கண்களுக்கு முன்னால் அவளுக்கு நாக்குப் புரளவில்லை. "தோ... தோ..." என்றாள்.

"ஆத்தாடி! வாத்தியாரு பொண்டாட்டிக்குத் தொண்டையில கருவாட்டு முள்ளு மாட்டிக்கிச்சு!" என்றாள் அடுத்த காம்பரா ராக்காயி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

வடிவு உள்ளே போய்ச் சிலேட்டை அடுப்புக்கு மேலே விறகுப் பரணில் சொருகினாள். "போதுங்க. நீங்களே சன்னல் வச்சுப் படிச்சுக்குங்க."

கெஞ்சினேன், கொஞ்சினேன். அவள் அந்தப் பரணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் புல்லு வெட்டப் பெண்களை நாற்றுமேடைக்கு அனுப்பினார்கள். வடிவும் வந்திருந்தாள். அன்றைக்கென்று பந்தலுக்குள் குனிந்த கந்தப்பன், கறுத்துத் தொங்கிய கன்றுகளைக் கண்டுவிட்டார். பதினேழு.

"யார்றா இதப் புடுங்கிப் பாத்தது?"

"நான்தாங்க கங்காணி. வேரு வந்திருச்சான்னு..."

"ஏன்டா, பிள்ளத்தாச்சி வயித்தத் தெனமும் தொறந்து பாத்தா புள்ள பொழைக்குமாடா?"

பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். வடிவு மட்டும் சிரிக்கவில்லை. செத்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். என் பக்கமாக வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இதுங்ககிட்டயும் தெனம் கேள்வி கேட்டீங்களாக்கும்."

செத்த பதினேழையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

கந்தப்பன் என்னை அந்த வேலையிலிருந்து மாற்றவில்லை. அதற்கு இன்றைக்கும் அவரை மனதுக்குள் கும்பிடுகிறேன். அன்று மாலை சிலேட்டின் புகைக்கரியைத் துடைத்து, அரிச்சுவடியோடு விளக்கடியில் வைத்தேன். என் நாவலை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன். சில நாள் சிலேட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. ஒருநாள் இடம் மாறியிருந்தது. யார் மாற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இருநூற்று எண்பத்துமூன்று கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு வருவது கடினமாக இருந்தது. அதைவிடக் கடினம், ஒருநாள் தலவாக்கலை போக இருவரும் நின்ற ரயில்வே ஸ்டேஷனில். பெயர்ப்பலகைக்கு முன்னால் வடிவின் உதடுகள் மெல்ல அசைந்தன. கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "ரயிலு இன்னக்கி லேட்டுப் போல" என்றேன்.

இடையில் வந்த இரண்டு கடிதங்களையும் ஒரு சன்னலும் வைக்காமல் நானே படித்துக் காட்டியிருந்தேன். மூன்றாம் மாதக் கடைசியில் இறம்பொடையிலிருந்து அடுத்த கடிதம் வந்தது. பிரிக்காமல் அவளிடம் கொடுத்தேன். அவளும் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். மாமியாருக்கு உடம்புக்கு ஏதாவதாயிருக்குமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் ஞாயிறு. நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது வடிவு தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். வரப்பில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தாள்.

"நா... நாங்கள்... சுகம்."

தண்ணீர் வாளியை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"குட்டியில்... ஒன்று... கிடா. பு... பு..."

நின்றுவிட்டாள். அது என்ன சொல் என்று அவள் தோளுக்கு மேலாக எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, முன்னாலிருந்த கூடையையே பார்த்தேன். மூங்கில் இடுக்கு வழியாக, நூல் போல வெள்ளையாக ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கூடையிலும் ஒன்று.

"புண்ணாக்கு!" என்று கத்தினாள் வடிவு. "புண்ணாக்கு விலை ஏறிவிட்டது! பாத்தீங்களா, இதுதான் எங்கம்மா!"

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள். 'நீ எப்போது வருவாய்.' முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடிதத்தை மடிக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, என்னிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க படிங்க" என்றாள். "சன்னலெல்லாம் வச்சு."