கெல்வாவின் நாலு கதவுகள்

அன்று காலை ஊர்காவற்றுறையில் லியோனின் வளவுக்குள் நின்றவர்கள்: லியோன். அவனுடைய மனைவி ஜெனீற்றா, குசினி வாசலில், கையில் ஈரத் துணியோடு. ஜெனீற்றாவின் தம்பி டிலோன், இரவு கடலுக்குப் போனபோது உடுத்த அதே சாரத்தோடு, படுக்கப் போகாமல். வேலணையிலிருந்து தன்னுடைய காரிலேயே வந்திருந்த பிரதாபன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் ஞானசவுந்தரி ரீச்சர், புதுக் கார் ஒன்றுக்குப் பதிந்துவிட்டு இன்னும் எடுக்காதவர். கெல்வா கொம்பனி யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய றொஷானி, கொம்பனிச் சேட்டும் காற்சட்டையுமாக, தோளில் ஒரு கறுத்தப் பையோடு. எல்லாருக்கும் நடுவில், பூவரசின் கீழ், லியோனின் வெள்ளைக் கெல்வா கார். அதன் பின் இடப்பக்கக் கதவு நைலோன் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

அந்தக் கயிறுதான் எல்லாவற்றையும் நிற்பாட்டியது. நயினாதீவுக்குப் போகிற சனத்தைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏற்றி இறக்குவதுதான் லியோனின் பிழைப்பு. யாழ்ப்பாணத்தில் விடுதி வைத்திருக்கிறவர் ஒருவர்தான் ஆட்களை அனுப்புகிறவர். கயிற்றைக் கண்டதும் அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: கதவைச் சரிபண்ணிக்கொண்டு வாரும் லியோன், அதுவரைக்கும் வேறு ஆளைப் பார்க்கிறேன். அன்றிலிருந்து கார் பூவரசின் கீழேயே நிற்கிறது. லியோன்தான் நிற்கவில்லை. கிணற்றடிக்கும் படலைக்கும் இடையில் நடந்துகொண்டேயிருந்தான். இப்போதும், கொம்பனிப் பெட்டை வந்து நிற்கிறபோதும், ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறிக்கொண்டிருந்தான்.

நாலு கதவின் அடியும் ஒரேமாதிரிப் பொங்கியிருந்தன. விரலால் தட்டினால் பெயின்ற் அப்பளம்போல உடைந்து, உள்ளே செம்மண் நிறத்தில் துரு. கட்டிய கதவில் கீழ்ப் பிணைச்சலுக்குப் பக்கத்துத் தகடே இல்லை.

கெல்வா என்றால் துரு என்று தீவுப்பகுதிக்கு முன்பே தெரியும். பழைய கெல்வாக்கள் மலிவு என்று வந்து, இரண்டு மாரிக்குள் தரை ஓட்டையாகி, கோழிக்கூடாகவும் விறகு அடுக்கும் இடமாகவும் முடிந்தவை. கெல்வா வாங்கினவன் பழைய சைக்கிளை விற்கமாட்டான், வீட்டுக்குத் திரும்பிவர அது வேண்டும் என்று சந்தையில் பகிடி விட்டார்கள். பிறகு கொம்பனி கை மாறியது. யாழ்ப்பாணத்துக் காட்சியறையின் வாசலில் புது ஆட்கள் செய்த முதல் வேலை, உக்கிப்போன பழைய கெல்வா ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டுவந்து நிறுத்தியது. கழுவவில்லை, பூசவில்லை. பக்கத்தில் ஒரு பலகை: “இதைச் செய்ததும் நாங்கள்தான்.” புதுக் கார்களின் உடலை முழுதாக மருந்துக்குள் தோய்த்து எடுக்கிறோம், பத்து வருடத்துக்குள் துருப்பிடித்தால் மாற்றித் தருகிறோம் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்கள்.

லியோன் அந்தப் பலகைக்கு முன்னால் கனநேரம் நின்றான். தான் விற்ற குப்பையைத் தன் வாசலிலேயே வைக்கிறவனை அவன் அதுவரை கண்டதில்லை. வள்ளத்தில் தனக்கிருந்த பங்கை டிலோனுக்கே விற்றுவிட்டுக் காரை எடுத்தான். ஊர் சிரித்தது. அவன் கார் ஓடினான். மழைக்குள், உப்புக் காற்றுக்குள், இரண்டு பக்கமும் கடல் அடிக்கிற புங்குடுதீவுப் பாலத்தால் ஒரு நாளைக்கு நாலுதரம் போய்வந்தான். ஏறுகிற இறங்குகிற எல்லாருக்கும் காரைப் பற்றிச் சொன்னான். மூன்றாம் மாரியில் சிரிப்பு நின்றது. பிரதாபனும் அதேமாதிரிக் கெல்வா ஒன்றை எடுத்தான். ரீச்சர் பதிந்தார். ஊர்காவற்றுறையில் கெல்வாவுக்கு விளம்பரப் பலகை கிடையாது. லியோன் இருந்தான்.

கடலை விட்டதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கடல் அவனுக்குத் தாயுமில்லை, தெய்வமுமில்லை, இரவு வேலை. பதினேழு வயதில் தொடங்கியும் பகலில் நித்திரை கொள்ள அவனுக்குக் கடைசிவரை பழகவில்லை. சன்னலுக்குச் சாக்குக் கட்டிவிட்டுப் படுப்பான். சாக்கின் இழைகளுக்குள்ளால் வருகிற வெளிச்சத்தைப் பார்த்தபடி கிடப்பான். பிறகு எழும்பிப் போய் ஜெனீற்றாவோடு சண்டை பிடிப்பான். கார் வந்த பிறகு இரவில் படுத்தான். அவ்வளவுதான். ஆனால் அந்த இரவு நித்திரையைத் திரும்பக் கொடுக்கச் சொன்னால் கையை வெட்டிக் கொடுப்பதுபோல இருக்கும்.

றொஷானி ரோச்லைற்றோடு காருக்குக் கீழே படுத்து எழும்பினாள். சில்லுக் குழிகளைத் தடவினாள். கால்விரிப்புகளைத் தூக்கினாள்.

“அண்ணை, காரை நல்லா வைச்சிருக்கிறியள். எப்ப கழுவுறனீங்கள்?”

“ஒவ்வொரு நாளும் பின்னேரம்.”

“எந்தத் தண்ணி?”

“கிணத்துத் தண்ணிதான் பிள்ளை. பவுசரிலை கொண்டுவந்து தாற தண்ணி குடிக்கிறதுக்கே காணாது.”

“உவரோ?”

“இஞ்ச எது உவரில்லை? எஞ்சின், வள்ளம், நாங்கள், எல்லாம் அதிலைதான் கழுவுறது.”

அவள் தலையாட்டினாள். “கொஞ்ச உவருக்குத் தாங்கும், அதுக்குத்தான் செய்தது. பாருங்கோ, கீழை ஒரு பொட்டுத் துரு இல்லை. கதவு மட்டும். நாலும் ஒரேமாதிரி.” அவள் குரல் குழம்பியிருந்தது. “பிரதாபன் அண்ணை, உங்கடையையும் ஒருக்காப் பாக்கட்டோ?”

பிரதாபனின் காரில் துரு இல்லை; அது பிந்தி வாங்கியது. றொஷானி அதன் முன்கதவுக் கண்ணாடியை இறக்கி, தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கண்ணாடி இறங்குகிற இடுக்குக்குள் மெல்ல ஊற்றினாள். பிறகு குந்தியிருந்து கதவின் அடியைப் பார்த்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

“என்ன பிள்ளை பாக்கிறீர்?” என்று ரீச்சர் கேட்டார்.

“தண்ணி வரோணும் ரீச்சர். மழைத் தண்ணி எப்பிடியும் கதவுக்குள்ளை இறங்கும், ஒண்டும் செய்யேலாது. அதுக்கு அடியிலை மூண்டு ஓட்டை விடுறது. அதாலை ஓடிப்போகும்.”

லியோன் நடப்பதை நிறுத்தினான்.

கார் வாங்கிய முதல் மாதமே அந்த ஓட்டைகளை அவன் கண்டிருந்தான். கதவின் அடியில், சுண்டுவிரல் போகக்கூடியதாக, மூன்று. வள்ளத்தோடு வளர்ந்தவனுக்கு அடியில் ஓட்டை என்றால் ஒரே அர்த்தம்தான். இவ்வளவு நல்ல காரைச் செய்தவன் இதை மறந்துபோனானே என்று பாவப்பட்டான். வள்ளத்துக்குப் பூசுகிற பைபர்ப் பசையைக் குழைத்து, ஒவ்வொன்றாக அடைத்து, அரத்தாளால் தேய்த்து, கொம்பனியின் வெள்ளைப் பெயின்ற்றையே வாங்கி மேலே பூசினான். கையால் தடவினாலும் தெரியாது. அந்த வேலையில் அவனுக்குப் பெருமை இருந்தது. பிரதாபன் கார் எடுத்தபோது கேட்காமலே அவனுடையதையும் அடைத்துக் கொடுத்தான். பிரதாபன்தான் ரோச் பிடித்தவன்.

லியோன் பிரதாபனைப் பார்த்தான். பிரதாபன் தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

றொஷானி கதவின் அடியை விரலால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தடவினாள். இரண்டாந்தரமும் தடவினாள். எழும்பி லியோனின் காருக்குப் போய் அங்கேயும் தடவினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இரத்தமில்லை.

“ஓட்டையே இல்லை. ரெண்டு காரிலையும் இல்லை. பக்டரியிலை போடாமல் விட்டிருக்கினம்.”

“அப்ப?” என்றான் டிலோன்.

“அப்ப இது இந்த ரெண்டு காரோடை நிக்காது அண்ணை. நான் இப்ப கொழும்புக்குச் சொன்னா பக்டரி வேலையை நிப்பாட்டுவினம். வித்ததெல்லாத்தையும் திருப்பிக் கூப்பிடுவினம்.” அவள் போனை எடுத்தாள். பிறகு ஞாபகம் வந்தவளாக லியோனிடம் சொன்னாள்: “நீங்கள் யோசிக்காதேங்கோ. உங்களுக்கு நாலு கதவும் புதுசு வரும். அதிலை கதையில்லை.”

ஜெனீற்றாவின் கையிலிருந்த துணி அசைவதை நிறுத்தியது. அவளுக்கும் தெரியும். பசையைக் குழைத்தது அவளுடைய பழைய சட்டியில்.

நாலு கதவு. அடுத்த கிழமையே விடுதிக்காரரிடம் போய் நிற்கலாம். பிரதாபன் வாய் திறக்கமாட்டான். அவனுக்கும் புதுக் கதவு. கொழும்பில் யாரோ ஒருவன் ஏச்சு வாங்குவான், அவனை லியோனுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அதுகூட ஒரு வேலை இல்லை.

“நான் அப்பவே யோசிச்சனான்,” என்றார் ரீச்சர், குடையை விரித்தபடி. “கொம்பனி கை மாறினாலும் பலகை வைச்சாலும் பழைய கெல்வா பழைய கெல்வாதான். லியோன், உம்மடை கதையைக் கேட்டுப் பதிஞ்சனான். நாளைக்கே போய் வேண்டாமெண்டு சொல்லப்போறன்.”

டிலோன் சிரித்தான். “அத்தானுக்கு மூண்டு வருசமா வாய் நோகேல்லை. கெல்வா, கெல்வா. கடைசியிலை தகரப் பேணி!”

லியோனுக்கு அது சுட்டது. அவன் நல்லவன் என்பதால் இல்லை. கொழும்பில் ஏச்சு வாங்கப்போகிறவனை நினைத்தும் இல்லை. அவன் சொன்னது சரி. மூன்று வருடமாகச் சொன்ன அத்தனையும் சரி. கார் நல்ல கார். வளவுக்குள் நிற்கிற ஒருத்தருக்கும் அது தெரியவில்லை, அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு சும்மா நிற்க அவனால் ஏலவில்லை.

குசினிக்குள் போனான். ஜெனீற்றா வாசலை விட்டு விலகவில்லை. தோளால் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.

“வேண்டாமப்பா,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

மீன் வெட்டுகிற கத்தியோடு வந்து தன் காருக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்தான். இடம் அவனுக்குப் பார்க்காமலே தெரியும். நுனியைக் குத்தித் திருகினான். வெள்ளைக் கட்டி ஒன்று தெறித்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர். பால் விடாத பிளேன்ரீ நிறத்தில், துருத் தூளோடு, அவனுடைய முழங்கையை நனைத்துக்கொண்டு, நிற்காமல் ஓடியது. பூவரசின் வேரடியில் குட்டையாகத் தேங்கியது.

“நான்தான் அடைச்சனான்,” என்றான், எழும்பாமலே. “பிரதாபன்ரையும் நான்தான். கொம்பனி ஓட்டை போட்டதுதான்.”



“உங்களுக்கென்ன விசரோ?” பிரதாபன்தான் முதலில் வாய் திறந்தான். கேட்டுக்கொண்டே லியோனின் கையிலிருந்து கத்தியைப் பறித்து, ஓடிப்போய்த் தன்னுடைய காருக்குக் கீழே புகுந்தான்.

றொஷானி போனைப் பைக்குள் வைத்தாள். விழுந்த கட்டியைப் பொறுக்கிக் கையில் உருட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. “ஏன் அண்ணை?” என்றுதான் கேட்டாள்.

“அடியிலை ஓட்டை, பிள்ளை. தண்ணி வராதோ?”

“வராது. போகும்.” அவள் மூச்சை விட்டாள். “இதை ஆரும் அடைப்பினமெண்டு நாங்கள் யோசிக்கேல்லை. புத்தகத்திலையும் எழுதேல்லை. இனி எழுதுவினம். கதவிலையே ஒரு ஸ்ரிக்கர் ஒட்டச் சொல்லுறன்.” ஓட்டையையும் கட்டியையும் படம் எடுத்தாள். பசையின் பெயரைக் கேட்டாள், அவன் சொன்னான். கடைசியில், காரைப் பார்த்தபடி, அவனைப் பாராமல் சொன்னாள்: “கதவு தரமாட்டினம் அண்ணை. எனக்கு வேறைமாதிரி எழுதேலாது.”

“தெரியும்.”

ரீச்சர் குட்டையைச் சுற்றி வந்து, பிரதாபனின் காரை இரண்டு பக்கமும் பார்த்தார். “அப்ப கார் நல்ல கார்தான்,” என்றார், ஒரு கணக்குச் சரிவந்தவர்போல. “பிள்ளை, என்ரையை எப்ப எடுக்கலாம்?”

மத்தியானத்துக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். மற்ற ஓட்டைகளையும் லியோனே திறந்துவிட்டான். தண்ணீர் வந்து முடிந்தபிறகு கதவுகளைத் தட்டிப் பார்த்தான்; வெறும் கடதாசி மட்டைச் சத்தம். பழைய இரும்புக் கடைகளில் தேடினாலும் இந்தக் காருக்குக் கதவு கிடையாது. இது புதுக் கார். இன்னும் யாரும் உடைத்துப் போடவில்லை. புதுக் கதவென்றால் ஒரு சோளகக் காற்றுக் காலம் முழுக்கக் கடலுக்குப் போகவேண்டும், மீன் பட்டால்.

டிலோன் படுத்தெழும்பிப் பின்னேரம் வந்தான். பகிடி விடவில்லை; அதுதான் லியோனுக்குப் பிடிக்கவில்லை.

“சவரிமுத்தன்ரை மூத்தவன் வெளிநாடு போறான் அத்தான். அவன் வந்த எங்கடை வள்ளத்திலை ஒரு ஆள் குறையுது.”

“எப்ப?”

“இண்டைக்கே ஆள் இல்லை.”

லியோன் உள்ளே போய் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தான். பழைய சேட்டு இடுப்பில் இறுகியது. கார் ஓடி வயிறு வைத்திருந்தது. ஜெனீற்றா பாணும் சம்பலும் பொதியாகக் கட்டி மேசையில் வைத்திருந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் பொதி கட்டி முடிந்திருந்தது.

“பேசாமல் நிண்டிருக்கலாம்,” என்றாள்.

“ஓம்.”

“ரீச்சருக்குக் கார். பிரதாபனுக்குக் கதவு தப்பீட்டுது. அந்தப் பிள்ளைக்கு நல்ல பேர். உங்களுக்கு?”

“கார் நல்ல கார் ஜெனீற்றா.”

அவள் அவனைப் பார்த்த பார்வையில் இரக்கம் ஒன்றும் இல்லை. பொதியை எடுத்து அவன் கையில் அழுத்தி வைத்தாள்.

அவன் படியிறங்கினான். டிலோன் படலையடியில் நின்று கடற்கரைப் பக்கம் கையைக் காட்டி அவசரப்படுத்தினான். கீழ்வானம் கருத்து, காற்று தெற்கால் எழும்பத் தொடங்கியிருந்தது. லியோன் கிணற்றடியைத் தாண்டியிருக்கமாட்டான். பின்னால் ஜெனீற்றா வீட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மேல் தாழ்ப்பாள். பிறகு கீழ்த் தாழ்ப்பாள். கடைசியாக, பூட்டுக்குள் திறப்பு இரண்டுதரம் திரும்பியது.