அண்ணனின் இடது கை

என் அண்ணனுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லத் தைரியம் இல்லையென்றால் அதை என் தலையில் கட்டிவிடுவான். சின்ன வயதில் அவன் உடைத்த ஜன்னலைப் பற்றி அப்பாவிடம் போய்ச் சொன்னது நான்தான். அடி வாங்கியதும் நான்தான். இந்த முறை அவன் கட்டியது என் கணவரைப் பற்றிய விஷயம்.

அண்ணன் ஓர் இசைக்குழு நடத்துகிறான். வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா என்று யார் கூப்பிட்டாலும் போவார்கள். அவன் கீபோர்டு, என் கணவர் பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த நாதத்தை வாசிக்கிற பேஸ் கிட்டார். பகலில் அவர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்டுப் பழகி, வீட்டில் நான் புடவை மாற்றினாலும் அதே கேள்வியை என்னிடமே கேட்பார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். யார் எதில் மோதப்போகிறார்கள் என்று பார்த்தபடி பிரேக்கில் கால் வைத்திருப்பதுதான் என் பிழைப்பு.

அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அண்ணன் வந்தான்.

"மாப்பிள்ளை வாசிக்கிறது ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. பாடறவ புலம்புறா, டிரம்ஸ்காரன் புலம்புறான். அந்தப் பகுதியை நானே இடது கையால கீபோர்டுல வாசிச்சுடுவேன். இப்பவே பாதி பாட்டுக்கு அப்படித்தான் ஓடுது. வர்ற சனிக்கிழமை விழாவோட அவரை நிறுத்திக்கச் சொல்லு. நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடு."

"நீயே சொல்லேன்."

"நான் எப்படிச் சொல்றது? மாப்பிள்ளையாச்சே, மரியாதை வேண்டாமா?"

ஆளைக் கழற்றிவிடுவதிலும் மரியாதை பார்க்கிறவன் என் அண்ணன் ஒருவனாகத்தான் இருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவன் போன பிறகு அழுதேன். வாரம் முழுக்க ஊரார் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், மேடையில் மட்டும் தன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான்கு கம்பிகளைத் தவிர வேறு எதுவும் உலகத்தில் இல்லை என்பது போன்ற அந்த முகத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த முகத்திடம் போய் இதை எப்படிச் சொல்வது?

சாயங்காலம் அவர் வந்ததும் வாய் தானாக வேறொன்றைச் சொன்னது. "ஏங்க, உங்களுக்கு ஒரு புது ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இப்பவே போலாமா?" என்றார்.

கடையில் ஆம்ப்ளிஃபயர் தனியாகவும் ஸ்பீக்கர் பெட்டி தனியாகவும் இருந்தன. தலையை ஒருவரிடமும் உடம்பை ஒருவரிடமும் வாங்கி ஒட்டவைப்பது போலப் பொருத்தம் பார்த்துச் சேர்க்க வேண்டுமாம். கடைக்காரர் ஜாதகம் பார்ப்பவரைப் போலத் தீவிரமாக முகத்தை வைத்துக்கொண்டு, இதற்கு இது ஒத்துவரும், அதற்கு அது தாங்காது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய பெட்டி ஒன்றில் நான்கு ஸ்பீக்கர்கள். என் கணவர் அதன்மேல் இருந்த ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரைச் செருகி, கனத்த சத்தத்துக்கான பேஸ் திருகைக் கடைசிவரை திருப்பி, ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. என் வயிற்றுக்குள் யாரோ கட்டில் நகர்த்துவது போல் இருந்தது.

"எப்படி சார்?" என்றார் கடைக்காரர்.

சார் பர்ஸை எடுத்துவிட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. இது கேட்காமல் போனால் அண்ணனைக் காது டாக்டரிடம்தான் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தேன்.

பெட்டியை என் டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் ஏற்றினோம். என் கணவர் அதற்கு சீட் பெல்ட் மாட்டினார். எனக்கு அவர் ஒருநாளும் மாட்டிவிட்டதில்லை.

குழு ஒத்திகை பார்ப்பது மரச்சாமான் கடையின் பின்னால் உள்ள கிடங்கில். அங்கே பெட்டியை மூலையில் தள்ளி வைத்து, கடையில் வைத்த மாதிரியே திருகுகளை வைத்து வாசித்தார். தனியாக வாசித்தபோது அடுக்கியிருந்த நாற்காலிகள் எல்லாம் கிடுகிடுத்தன. எல்லோரும் சேர்ந்து ஆரம்பித்ததும் அந்தச் சத்தத்தில் ஆள் காணாமல் போனார். சத்தத்தைக் கூட்டினார். பக்கத்துத் தெருவில் லாரி நிற்பதைப் போல ஓர் உறுமல் வந்ததே தவிர, என்ன வாசிக்கிறார் என்று ஒரு மண்ணும் தெரியவில்லை.

"அண்ணே, எங்கயோ மோட்டார் ஓடுதுண்ணே" என்றாள் பாடுகிற பெண், அப்பாவியாக.

அண்ணனின் இடது கை, கீபோர்டின் இடது ஓரத்தில் கனத்த நாதம் தரும் அடிக்கட்டைகளுக்கு மெல்ல நகர்ந்தது. என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டான், சொல்லியாச்சா என்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் விழா மண்டபத்துக்கு முதலில் போனவர்கள் நாங்கள்தான். என் கணவர் மறுபடியும் பெட்டியை மூலைக்குத் தள்ளினார், மறுபடியும் பேஸ் திருகைக் கடைசிவரை திருப்பினார், மறுபடியும் கண்ணை மூடினார். தப்பான கியரில் வண்டியை உறுமவிட்டு, போகவில்லையே என்று ஆக்சிலரேட்டரை மேலும் மிதிக்கிற ஆட்களை நான் தினம் பார்க்கிறேன். என் கால் பிரேக்கைத் தேடியது.

"கொஞ்சம் நிறுத்துங்க. சத்தம் உங்க முழங்காலுக்குத்தான் போகுது. முழங்காலுக்கா காது இருக்கு?"

நீளமான வயரை மாட்டி, கிட்டாரோடு அவரை மண்டபத்தின் நடுவே போய் நிற்கச் சொன்னேன். பெட்டியை மூலையிலிருந்து இழுத்து ஒரு மேசைமேல் ஏற்றினோம்; இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு திருகுகளுக்கு முன்னால் நின்று, அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டேன்.

"முதலாவது தெளிவா இருக்கா?" பேஸ் முழுசாக. "ரெண்டாவது தெளிவா இருக்கா?" பேஸைப் பாதிக்கு மேல் குறைத்து, நடுத்தரச் சத்தத்துக்கான மிட் திருகை நன்றாகக் கூட்டி.

"முதலாவது! ரெண்டாவது தகர டப்பா மாதிரி இருக்கு!"

அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். நான் டிரம்ஸ்காரரையும் அண்ணனையும் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னேன். "இவ எதுக்கு இதுல?" என்றான் அண்ணன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசித்தான்.

"இப்பச் சொல்லுங்க. முதலாவதா, ரெண்டாவதா?"

நான் மாற்றி மாற்றி வைத்தேன். அவர் வாசித்துக்கொண்டே மண்டபத்தின் கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்தார். பொய் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"ரெண்டாவது" என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவரைப் போல. "ஆனா தனியா கேட்டா அசிங்கமா இருக்கு."

"தனியா யாருங்க கேக்கப்போறா?"

அவர் மனம் மாறுவதற்குள் திருகுகளின்மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

விழா ஆரம்பித்தது. நான் ஓரமாக நின்று அண்ணனின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் அது அடிக்கட்டைகளில் பலமாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பாட்டில், தவறான வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளி மாதிரித் தயங்கியது. கிட்டாரின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, தெளிவாக, என் காதுக்கே கேட்டது. டிரம்ஸ்காரர் என் கணவரைப் பார்த்துத் தலையாட்டி வாசித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரின் கால் தாளம் போட்டது.

மூன்றாவது பாட்டின் நடுவில் அண்ணனின் இடது கை எழுந்தது. காதைச் சொறிந்தது. சும்மா தொங்கியது. கடைசியில் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனுக்கே ஊட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

முடிந்ததும் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். "ஹால் நல்ல ஹால். சத்தம் நல்லா கேக்குது" என்றான். அவ்வளவுதான் அவனால் முடியும். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதைச் சொல்லிட்டியா?" என்றான்.

"எதை?"

"ஒண்ணுமில்ல. விடு."

காரின் பின்சீட்டில் என் கணவர் பெட்டிக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தார். இன்று எனக்கும் மாட்டிவிட்டார்.

"மச்சானோட இடது கையைப் பாத்தியா?" என்றார்.

நான் சாவியைத் திருப்பாமல் அவரைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாளா தெரியும். நான் வாசிக்கிறதைத்தான் அந்தக் கையும் வாசிக்கும். கண்ணை மூடிக்கிட்டா அது தெரியாதில்ல, அதான் மூடிக்குவேன்." தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். "இன்னிக்குத் திறந்துக்கிட்டே வாசிச்சேன். நீ கவனிக்கலையா?"

நான் கவனிக்கவில்லை. நானும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.