வித்தெக்கின் விலாசம்

நத்தேலா முதன்முதலாக என் வாசலில் வந்து நின்றது பிப்ரவரி மாதம். தெருவெல்லாம் பனி உருகிய சேறு. கையில் ஒரு பெட்டி, முதுகில் ஒரு பை, காலில் முழங்கால் வரைக்கும் பூட்ஸ். நான் வழக்கம்போல, "அட, பூட்ஸெல்லாம் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வாங்க" என்றேன். பாவி, அப்படியே உள்ளே வந்துவிட்டாள்!

போலந்தில், இந்த லுப்ளின் ஊரில், நான் இந்த வார்த்தையை விருந்தாளிகளிடம் சொல்ல ஆரம்பித்து நாற்பது வருடமாகிறது. ஒருவர்கூடக் கழற்றாமல் வந்ததில்லை. நாம் வேண்டாம் என்போம், அவர்கள் "ஐயோ, இருக்கட்டும்" என்று குனிந்து கழற்றுவார்கள், நாம் கூடையிலிருந்து ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்து நீட்டுவோம். மரியாதை தெரிந்தவர்கள் செய்வது இது. இவளோ என் கம்பளத்தின் மேல் சேற்றுத் தடம் பதித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போய்விட்டாள்.

"ஏம்மா, கழட்ட வேண்டாம்னா கழட்டணும்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது?"

"அப்ப கழட்டுங்கன்னே சொல்லியிருக்கலாமே, பானி யாத்விகா?" யாத்விகா என் பெயர்; 'பானி' எங்கள் பாஷையில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற வார்த்தை.

"அது விருந்தாளிங்ககிட்ட சொல்றது. வீட்டு ஆளுங்ககிட்ட 'பூட்ஸைக் கழட்டித் தொலை'ம்பேன்."

"நான் இங்க குடியிருக்கத்தானே வந்திருக்கேன்? என்கிட்டயும் அதையே சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கு முன் வாடகைக்கு இருந்த மூன்று பேரும் என் வாய்க்குப் பயந்து மூன்று மாதத்தில் ஓடினவர்கள். எனக்கு வாய் நீளம், ஒப்புக்கொள்கிறேன். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு சூப் ஊற்றியவளுக்கு வேறெப்படி இருக்கும்?

என் வீடு நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அறை இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் மகன் வித்தெக்குடையது. அவன் நார்வேயில், பெர்கனில், கப்பல் பட்டறையில் வெல்டர். போய்ப் பதினோரு வருடம். கடைசியாக அவன் இங்கே வந்து ஐந்து வருடம். அவர் கண்ணை மூடினபிறகு, அதாவது என் புருஷன், வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் வித்தெக்கின் அறையை வாடகைக்கு விட்டேன். பென்ஷன் பற்றவில்லை என்று மாடிப்படியில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், அது வேறு.

நத்தேலா ஜார்ஜியாக்காரி, குத்தாயிசி ஊர். மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற டிராலிபஸ் ஓட்டுகிறாள். புருஷன் என்று ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவை பேசினாள், அந்தத் தடவையும் அவனுக்கு ஒரு வசவுதான் கிடைத்தது. கேத்தோ என்று எட்டு வயதில் ஒரு மகள். குழந்தை அங்கே, நத்தேலாவின் தங்கை வீட்டில்.

ஆள் கெட்டிக்காரி. ஆனால் இந்த ஊரில் பிழைக்கத் தெரியாது. நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். "டாக்டர்கிட்ட போனா கதவைத் தட்டாத. உள்ள நுழைஞ்சதும் 'கடைசி ஆள் யாரு?'ன்னு கேளு. யாரு கை தூக்குறாங்களோ அந்த மூஞ்சிய மறக்காத. ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே ரொட்டி வாங்கிடு. யார் வீட்டுக்காவது பூ வாங்கிட்டுப் போனா மூணு, அஞ்சு, ஏழு. ரெட்டைப்படையில கொண்டுபோனா கல்லறைக்குக் கொண்டுவந்தியான்னு கேப்பாங்க. வாசப்படிக்கு மேல கை குடுக்காத, கட்டிப்பிடிக்காத, ஆகாது. ஆபீசுக்குப் போனா உன் பேனாவையே எடுத்துட்டுப் போ. அப்புறம், யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லித் தொலைக்காத. சந்தேகப்படுவாங்க. முட்டி வலின்னு சொல்லு."

"எனக்கு முட்டி வலிக்கலையே?"

"வலிக்கும். நாலாவது மாடி."

சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷிஃப்ட் இல்லாத நாளில், சமையலறை மேசையில் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவைத்து மகளோடு பேசுவாள். அவர்கள் பாஷை எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் குழந்தை போனை வைத்தபிறகும் அவள் அந்த இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாளே, அது எனக்குப் புரியும். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். ஒருநாள் சொன்னாள்: "முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு, பானி யாத்விகா. ரெண்டையும் நான் போன்லதான் பார்த்தேன்." நான் எழுந்து அடுப்பில் இருந்த பீட்ரூட் சூப்பைத் தேவையில்லாமல் கிண்டினேன்.

செப்டம்பரில் விஷயம் முற்றியது. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஜனவரியில் அவள் புருஷனோடு துருக்கிக்குப் போகிறாளாம். அதற்குள் கேத்தோ இங்கே வந்தாக வேண்டும். வராவிட்டால் குழந்தையை வைத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. நத்தேலா வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். குழந்தையை அழைத்துக்கொள்ள மனுப்போட்டால், இருக்க இடம் உண்டா என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரி என்ற முறையில் நான் அவர்கள் பெயரை இந்த விலாசத்தில் பதிவு செய்து, வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது மாடி ஸெனோன் என்னை மாடிப்படியில் மறித்தார். "பானி யாத்விகா, புத்தி கெட்டுப்போச்சா? பதிவு பண்ணிக் குடுத்தா அப்புறம் பீரங்கி வச்சாலும் கிளப்ப முடியாது."

"உங்களை முப்பது வருஷமா கிளப்ப முடியல, நான் பொறுத்துக்கலையா?" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

அன்றைக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். வசிப்பவர்கள்: ஒன்று, யாத்விகா. இரண்டு, வித்தோல்து. பதிவேட்டில் வித்தெக்கின் முழுப்பெயர் அதுதான். மூன்று, நத்தேலா. நான்கு, கேத்தோ. எழுதி முடித்து, எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நத்தேலா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். இரண்டு அறை வீட்டில் ஓர் அறை உங்களுடையது, இன்னொன்றில் உங்கள் வயது வந்த மகன் வசிக்கிறார் என்றால், தாயும் குழந்தையும் எங்கே வசிப்பார்கள்? ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும். கேட்டதில் என்ன தப்பு? நான் எழுதினதைத்தான் படித்திருக்கிறார்கள்.

"வித்தெக் இங்க இல்லையே, பானி யாத்விகா."

"பதிவுல இருக்கான்."

"நான் அவர் கட்டில்லதான் தூங்குறேன்" என்றாள், ரொம்ப மெதுவாக.

எனக்கு முகம் சுட்டது. எப்படிச் சொல்வது? பதினோரு வருடமாக எந்தத் தாளைக் கொடுத்தாலும் அவனையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆள் கணக்கில் கட்டுகிற குப்பை வரிக்கு இருவர். தண்ணீருக்கு இருவர். ஜனவரியில் வீடு வீடாக வருகிற பாதிரியார் கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறான் என்பேன். பொய்யில்லை, வேலைக்குத்தானே போயிருக்கிறான்! எங்கள் பிளாக்கில் என்னைப்போல் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். பிள்ளை டப்ளினில், ஆஸ்லோவில். தாளில் மட்டும் அம்மா வீட்டில், பத்தாம் வகுப்பு படித்த அதே அறையில். அந்தப் பெயர் இருக்கிறவரைக்கும் அவன் போகவில்லை, வர நேரமாகிறது, அவ்வளவுதான். வாசல் பாயில் அவனுடைய கட்டம்போட்ட செருப்பை அதனால்தான் கூடைக்குள் போடாமல் வைத்திருந்தேன். கூடை விருந்தாளிகளுக்கு.

இரண்டு நாள் முட்டி வலி என்று படுத்துக்கொண்டேன். நத்தேலா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவளோ என் முறைக்கு மாடிப்படியைத் துடைத்துவிட்டு வந்து, எனக்குத் தேநீர் வைத்துக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ஆறு மணிக்கு நான் சமையலறைக்குள் போனபோது கேத்தோ போனில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, பல் இல்லாத வாயால், எங்கள் பாஷையில், மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தாள்: "பானி யாத்விகா, நான் பூட்ஸைக் கழட்டிடுவேன்."

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வித்தெக்குக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உன் பேரை இங்கேருந்து எடுக்கணும்டா. பதிவுலேருந்து."

"டாக்டர் ஏதாவது சொன்னாராம்மா?" என்றான்.

"சாகமாட்டேன்டா, பயப்படாத. ஒரு குழந்தை வரணும். அதுக்கு இடம் வேணும்."

"ஆறு வருஷம் முன்னாடி நானே கேட்டேன். இங்க வீடு வாங்கினப்ப. நீ ரெண்டு மாசம் போன் எடுக்கல."

எடுக்கவில்லைதான். "இப்ப நான் கேக்குறேன்ல" என்றேன்.

"இரு." ஏதோ தட்டுகிற சத்தம். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? முடியாது என்று சொல்லேன்டா. எடுக்கமாட்டேன்மா, நான் திரும்பி வருவேன்மா என்று ஒரு தடவை சொல்லேன். குழந்தைக்கு நான் வேறு ஏதாவது வழி பார்க்கிறேன்.

"ஆச்சும்மா."

"என்னடா ஆச்சு?"

"எடுத்துட்டேன். இங்கேருந்தே பண்ணலாம், போன்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பக்கத்தில் வைத்திருந்த தேநீர்கூட ஆறவில்லை.

"அம்மா? அழறியா?"

"முட்டி வலிக்குதுடா."

"முட்டி வலிச்சா மூக்கு ஏம்மா உறிஞ்சுது?" என்றான். அவனுக்கும் குரல் சரியாக இல்லை.

மறுநாள் நானே ஆபீசுக்குப் போனேன், என் சொந்தப் பேனாவோடு. புதுத் தாளில் மூன்று பெயர் எழுதினேன்.

அனுமதி கிடைத்து, டிசம்பர் முதல் வாரம் கேத்தோ வந்தாள். போனில் பார்த்ததைவிடச் சின்னவள். வாசலில் நின்றபடியே, நான் வாயைத் திறப்பதற்குள், தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். பாயில் கிடந்த கட்டம்போட்ட செருப்பில் காலை விட்டுக்கொண்டாள். நத்தேலா பதறி, "அது வேண்டாம், அது அவங்க..." என்றாள். "விடு, போட்டுக்கட்டும்" என்றேன். இரண்டு கால் போகிற அளவு பெரிய செருப்பு. அதை இழுத்துக்கொண்டு அவள் வீடெல்லாம் நடக்க, கடிகாரச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நத்தேலா மகளுடைய தலையை முகர்ந்து முகர்ந்து அழுதாள், நானும் ஒளிக்காமல் அழுதேன்.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம், கேத்தோவும் நானும் பண்டிகைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. ஸெனோனாக இருக்கும் என்று மாவுக் கையோடு போய்த் திறந்தேன்.

வித்தெக்! கையில் ரோஜா, ஐந்து. முன்நெற்றியில் முடி போயிருந்தது. வீட்டுச் சாவி அவனிடம் இருக்கிறது, நான் கொடுத்த சாவி. ஆனாலும் மணியடித்துவிட்டு நின்றிருக்கிறான். நான் அப்படியே பாய்ந்து கட்டிக்கொள்ளப் போனேன். "வாசப்படி மேல வேண்டாம்மா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஒரு அடி வைத்து, என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் கோட்டில் எனக்குத் தெரியாத வீட்டின் சோப்பு வாசனை.

பிறகு அவன் பாயைப் பார்த்தான், எங்கே என்பதுபோல. அவனுடைய செருப்பு கேத்தோவின் காலில் சமையலறை வாசலில் நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"அட, பூட்ஸெல்லாம் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வா."

சொன்னது நான்தான். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவன் காதிலும் விழுந்தது. உள்ளே நத்தேலாவின் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. பெற்ற பிள்ளையிடம் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் ரோஜாவை என் மாவுக் கையில் கொடுத்தான். "ஐயோ, இருக்கட்டும்மா" என்று குனிந்து, நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

கேத்தோ ஓடிப்போய்க் கூடையை எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள். அவன் ஒரு ஜோடியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவளுக்கு நன்றி சொன்னான்.